கடமையின் உரைகல்: இம்மானுவேல் காண்ட்

பரிசை விரும்பியோ தண்டனைக்கு அஞ்சியோ நற்செயல் புரிவோர் உலகில் பலர். கடமை என்பதற்காகவே அதனைப் புரிவோர் மிகச் சிலர். இவ்விரு திறத்தாரிடையே உள்ள வேறுபாட்டை ஆழ்ந்து ஆராய்ந்தவர் செருமானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்ட்.

பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1724ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் காண்ட் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளர். பதின்மூன்றாம் வயதில் காண்ட் அன்னையை இழந்தார்; 1746இல் தந்தையும் மறைந்தார். பின்னர்ச் சில ஆண்டுகள் செல்வர் இல்லங்களில் தங்கிச் சிறுவர்க்குப் பாடம் கற்பித்தார். 1755இல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றும் உரிமை பெற்றார். ஆயினும் அப்பணிக்குப் பல்கலைக்கழகம் ஊதியம் வழங்கவில்லை. பாடம் கேட்கும் மாணவர் தரும் கட்டணமே வருவாய். பேராசிரியர் பதவி 1770இல்தான், அவரது 46ஆம் வயதில், கிட்டியது.

1785இல் ஒழுக்க மெய்யியலுக்கு அடித்தளமிடும் சிறுநூல் ஒன்றை அவர் வெளியிட்டார். விவரமறியாச் சிறுவனிடமும் கடைக்காரர் சரியான விலையே பெறுகிறார் எனக் கொள்வோம். வாடிக்கையாளரை இழக்க நேரும் என்னும் அச்சமே காரணமாயின் அது வணிகத் திறம். நேர்மை தம் கடமை என்னும் உணர்வே காரணமாயின் அதுவே அறம் என்பது காண்ட்டின் தெளிவு. நாம் மேற்கொள்ளும் நெறியை எல்லோரும் மேற்கொள்ள நாம் விரும்ப இயலுமா என்பதே உரைகல். எம்மனிதரையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது. இச்சட்டத்தைப் பிறர் நம்மீது சுமத்தவில்லை. நம் பகுத்தறிவே நமக்கு விதிக்கிறது. இதனையே அவர் மனிதரின் தன்னாட்சி என்றார்.

அவருக்கும் சோதனை வந்தது. சமயம் பற்றி 1793இல் அவர் எழுதிய நூலுக்காக, மறு ஆண்டு மன்னர் இரண்டாம் பிரடெரிக் வில்லியம் அவரைக் கண்டித்தார். அப்போது காண்ட்டுக்கு வயது 70. தம் கருத்தை அவர் மறுத்துரைக்கவில்லை. மன்னரின் குடிமகன் என்ற முறையில் சமயம் பற்றி இனிப் பேசுவதில்லை என வாக்களித்தார். 1797இல் மன்னர் மறைந்ததும் அவ்வாக்கு முடிந்ததெனக் கொண்டு மீண்டும் எழுதினார். இதனை வாய்மை என்போரும் உளர். சொற்சாதுரியம் என்போரும் உளர். பொய்யுரைக்கவில்லை என்பது உண்மை. அஞ்சாமல் எதிர்த்தார் என்றும் கூறுவதற்கில்லை என்பதே நம் கருத்து.

மற்றொரு குறையையும் மறைத்தல் தகாது. மனித மாண்பு போற்றிய அதே எழுதுகோல் பிற இனத்தாரையும் பெண்களையும் தாழ்த்தி எழுதியது. அக்குறையைக் காண அவர் தந்த உரைகல்லே நமக்குத் துணையாகிறது. நூலின் உயர்வு அதிலேதான் விளங்குகிறது.

1804 பிப்ரவரி 12ஆம் நாள் காண்ட் மறைந்தார். அந்நகர் இன்று ருசிய நாட்டில் கலினின்கிராட் எனப் பெயர் தாங்கி நிற்கிறது. பேராலயத்தை ஒட்டி அவரது கல்லறை உள்ளது.

கண்காணிப்பாளர் அகன்ற பின்னும் அடுத்தவர் விடைத்தாளை நோக்காத மாணவர், காண்ட்டின் நூலைப் படியாமலே அதன் பொருளை அறிந்தவராவார்.