ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே ஓங்கி நிற்கும் கல்வராயன் மலையில் மேகம் என்னும் அருவி வீழ்கின்றது. அருவிநீரின் குளிர்ச்சியை நாம் யாவரும் அறிவோம். ஆயினும், உச்சியில் உள்ள நீரினும் அடியில் மோதிய நீர் சிறிது உஷ்ணம் மிகுந்திருத்தல் வேண்டுமெனத் துணிந்தார் ஓர் அறிஞர். அவரே ஜூல். இக்காலத்துச் சர்வர் கணிப்பொறிகள் ஏன் கொதிக்கின்றன என்பதை விளக்கும் விதியைக் கண்டவரும் அவரேயாதலின், அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜூல் 1818-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சால்போர்டு நகரில், பீர் வடிக்கும் தொழிலுடைய செல்வக் குடும்பத்திற் பிறந்தார். இளமையில் உடல் நலிவுற்றிருந்தமையால் பெரிதும் வீட்டிலேயே பயின்றார். அணுக்கொள்கையாற் புகழ்பெற்ற ஜான் டால்டன் அவருக்கும் அவர் தமையனாருக்கும் கணிதம் புகட்டினார். ஜூல் பல்கலைக்கழகப் பட்டம் பயின்றவரல்லர். பேராசிரியர் பதவி வகித்தவருமல்லர்.

மின்சாரம் கம்பியிற் செல்லுங்கால் உண்டாகும் உஷ்ணம், கம்பியின் தடைக்கும் மின்னோட்டத்தின் இருமடிக்கும் ஏற்ப வளர்கின்றதென 1840-இல் அவர் கண்டார். மின்னோட்டம் இரட்டித்தால் உஷ்ணம் நான்கு மடங்காகும். ராயல் சொசைட்டியார் அக்கட்டுரையின் சுருக்கத்தை மட்டுமே அச்சிட்டனர். உஷ்ணம் ஒரு பொருளன்று, உழைப்பின் மறுவடிவமே என்று 1843-இல் அவர் உரைத்தபோதும் செவிசாய்த்தோர் சிலரே. அவரோ மனந்தளராது, வீழும் எடைகளால் நீரினுள்ளே துடுப்பைச் சுழற்றி, நீர் பெற்ற மிகச் சிறிய உஷ்ணத்தை நுண்ணிய உஷ்ணமானிகளால் அளந்துகொண்டே இருந்தார்.

1847-இல் ஆக்ஸ்போர்டில் வில்லியம் தாம்சன் என்னும் இளைஞர் அவர் கருத்தின் அருமையை உணர்ந்தார். அவ்வாண்டே மணம் புரிந்து மனைவியுடன் ஆல்ப்ஸ் மலைக்குச் சென்ற ஜூல், ஆங்குத் தாம்சனைச் சந்தித்து, சலான்ஷ் அருவியில் உஷ்ணம் அளக்க முயன்றார். நீர் திவலைகளாய்ச் சிதறியமையால் அம்முயற்சி பலிக்கவில்லை. நூறடி உயர அருவியில் ஏறும் உஷ்ணம் பாரன்ஹீட் பாகையில் எட்டில் ஒரு பங்கேயாம்.

1854-இல் மனைவியை இழந்தார். பிற்காலத்திற் செல்வமும் சுருங்க, 1878-இல் அரசாங்கத்தார் ஆண்டுக்கு 200 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தனர். 1889-இல் உயிர் நீத்தார். ஆற்றலின் அலகு இன்று அவர் பெயர் தாங்குகின்றது.

200 வாட் கொள்ளும் பிராசஸர் வினாடிதோறும் 200 ஜூல் உஷ்ணத்தை வெளியிடும். கணக்கு முடிந்தபின் மின்சாரம் முழுதும் உஷ்ணமே. ஆதலின் சிலிக்கன் சில்லினுள்ளே சிறு டயோடு ஒன்று சென்சாராக அமைக்கப்படுகின்றது. மாறாத மின்னோட்டத்தில், உஷ்ணம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். இதனைக் காவற்சில்லு ஒன்று அறிந்து விசிறியின் வேகத்தைக் கூட்டும். எல்லை கடப்பின் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன்பின்னும் ஏறின் மின்சாரம் நிறுத்தப்படும்.

உள்ளே புகும் காற்றின் உஷ்ணத்தையும் உடன்நோக்குதல் நலம். இரண்டும் ஏறினால் குறை அறையின் குளிர்சாதனத்தில். காற்று மாறாதிருக்க, அதே வேலையில் பிராசஸர் மட்டும் சுடுமாயின், குறை தூசியிலோ விசிறியிலோ உள்ளதாகலாம். கள்ளக்குறிச்சிக் கோடையில் இச்சிறு வேறுபாட்டைக் காலத்தே கண்டவர், நிலப்பதிவும் மாணவர் மதிப்பெண்ணும் தாங்கிய யந்திரத்தைக் காப்பர். பிறர் பொருட்படுத்தாத சிறு பாகையை விடாது அளந்தமையே ஜூலின் பெருமை. மாணவர் அப்பழக்கத்தைக் கைக்கொள்வாராக.