பனிப்படகில் ஒரு டாக்டர்

விடியற்காலையில் ஏரிப்பனியை போனில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஏமாற்றம் தெரிந்திருக்கும். கண்ணுக்கு வெள்ளையாக, மெல்லிசாக மிதந்த பனி, படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்து நிற்கும். மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அதான் விஷயம். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றினால் சரியாகிவிடும். கேமராவுக்குள் மீட்டர் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு இதே பனியோடு மல்லுக்கட்டியவர் பீட்டர் ஹென்றி எமர்சன்.

1856-ல் கியூபாவில் பிறந்தார். அப்பா அமெரிக்கர், அம்மா ஆங்கிலேயர். சிறுவயதிலேயே இங்கிலாந்து வந்து, டாக்டருக்குப் படித்தார். பறவை பார்க்கப் போகும்போது உதவுமே என்று ஒரு கேமரா வாங்கினார். அது அவரை விடவில்லை. 1886-ல் மருத்துவத்தையே விட்டுவிட்டார். நம்ம வீட்டில் இதைச் சொல்லிப் பார்க்கணும்!

அவர் போய்ச் சேர்ந்த இடம், இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நார்ஃபோக் பிராட்ஸ். ஆழமில்லாத ஏரிகள், மெதுவாக ஓடும் ஆறுகள், நாணல் காடு. குளிர்கால இரவில் காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. தண்ணீரிலிருந்து எழும் ஆவி மேலே உள்ள குளிர்காற்றில் பட்டதும் பனியாகிவிடும். சூரியன் ஏறினால் கரைந்துபோகும். கையில் இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அந்தக் காலத்தில் பெயர் வாங்கிய ‘கலைப்படம்’ என்றால் ஒட்டு வேலைதான். ஹென்றி பீச் ராபின்சன் என்பவர் 1858-லேயே ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கிக் காட்டியிருந்தார். எமர்சனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய பார்வை இயலைப் படித்துவிட்டு வேறொரு வாதம் வைத்தார்: கண் பார்வையின் நடுவில் மட்டும்தான் கூர்மை, சுற்றிலும் மங்கல். படமும் அப்படித்தான் இருக்கணும். பனி இதை அவருக்குச் சும்மாவே செய்து கொடுத்தது. பக்கத்துப் படகு கறுப்பு, அடுத்த நாணல் சாம்பல், தூரத்து மரம் வெள்ளைக்குள் பாதி காணோம். அன்றைய தகடுகளுக்கு நீல ஒளி மேல்தான் பிரியம், சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. அதனால் தூரம் இன்னும் வெளுத்தது. இந்த மென்மையான சாம்பல்களைக் காட்ட அவர் நம்பியது பிளாட்டினம் அச்சை.

1889-ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதி, புகைப்படம் ஒரு கலை என்று அடித்துச் சொன்னார். பெரிய சண்டை. அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

அடுத்த வருஷமே அடி விழுந்தது. அடித்தவர்கள் ஓவியர்கள் இல்லை, நம்ம ஆட்கள். விட்னெஸ் நகரத்து ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வேதியியலாளர் ஹர்ட்டரும் இன்ஜினியர் டிரிஃபீல்டும் 1890-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தகட்டில் விழும் ஒளியின் மடக்கையை ஒரு அச்சில், தகட்டின் கருமையை இன்னொரு அச்சில் வைத்து வரைந்த வளைகோடு. டெவலப்பரில் அதிக நேரம் வைத்தால் மொத்த கான்ட்ராஸ்ட் கூடும், அவ்வளவுதான். இந்தச் சாம்பலை மட்டும் ஏற்று, அதை மட்டும் இறக்கு என்றெல்லாம் முடியாது.

எமர்சனின் நம்பிக்கை அங்கேதான் நின்றிருந்தது. டோன்களை மனசுக்குப் பட்டபடி மாற்ற முடியும், அதனால் இது கலை என்பதுதான் அவர் வாதம். ஒரு பெரிய ஓவியரோடு பேசியதும் அவரை ஏற்கெனவே அசைத்திருந்தது. 1890-91 குளிர்காலத்தில், துக்க அறிவிப்பு மாதிரி கறுப்பு விளிம்பு போட்ட ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். தன் கொள்கை செத்துவிட்டதாக அறிவிப்பு. சொந்தப் புத்தகத்தைத் தானே புதைத்த ஆசாமி!

என்னைக் கேட்டால், அவர் அவசரப்பட்டுவிட்டார். அந்த வளைகோடு அளந்தது தகட்டைத்தான். எந்த விடியலில், எந்தக் கரையில் நிற்பது என்பதற்கு அதில் அச்சு இல்லை.

கலை இல்லை என்று சொன்ன அதே குளிர்காலத்தில் அவர் பிராட்ஸில், ‘மெய்ட் ஆஃப் தி மிஸ்ட்’ என்ற படகில்தான் குடியிருந்தார். ஒரு வருஷ வாசம். தண்ணீர் உறைந்தபோதும் கிளம்பவில்லை, படம் எடுப்பதையும் நிறுத்தவில்லை. 1895-ல் ‘மார்ஷ் லீவ்ஸ்’ வந்தது. பதினாறு படங்கள். தகடுகளை அவரே அமிலத்தில் அரித்துத் தயாரித்தார். முந்தைய புத்தகங்களில் நிறைந்திருந்த மீனவர்களும் நாணல் அறுப்பவர்களும் இதில் அநேகமாக இல்லை. பனி மூடிய ஆறு, தனித்த ஏரி, ஒன்றிரண்டு மரம், மீதியெல்லாம் வெறும் வெள்ளை. அவர் எடுத்ததிலேயே சிறந்தவை இவைதான் என்று சொல்பவர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சிதான்.

அதுக்கப்புறம் படப் புத்தகம் எதுவும் வரவில்லை. நாற்பது வருஷம் இருந்தார். 1925 முதல் தன் பெயரில் ஒரு பதக்கம் செய்து, தனக்குப் பிடித்த புகைப்படக்காரர்களுக்குத் தானே கொடுத்துக்கொண்டிருந்தார். 1887-ல் ஒரு போட்டியில் நடுவராக இருந்தபோது, பெயர் தெரியாத இளைஞனாக இருந்த ஸ்டீக்லிட்ஸுக்கு முதல் பரிசு கொடுத்தவர் இவர்தான். இப்போது உலகமே அறிந்த அதே ஸ்டீக்லிட்ஸுக்குப் பதக்கமும் போனது. இரவு நேரப் பாரிஸைப் படமெடுத்த பிராசாயிக்கும் ஒன்று.

1936 மே 12-ல் இறந்தார். மறுநாள் அவருக்கு எண்பதாவது பிறந்தநாள்.