கணிப்பொறிக்கு மொழி கற்பித்த அம்மையார்

ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் நாம் எவ்வளவு கலங்குகிறோம்! லத்தீன் பாடத்தில் மதிப்பெண் குறைந்ததால் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம்.

கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது, அலாரம் கடிகாரம் ஓடும் விதத்தை அறிய அதைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை, அடுத்ததைக் கழற்றினார். இப்படியே ஏழு கடிகாரங்கள்! இனி ஒன்றை மட்டுமே தொடலாம் என்று தாயார் எல்லை வகுத்தார்.

மறு ஆண்டு அதே வாசர் கல்லூரியில் இடம் பெற்றார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். உலகப் போரின்போது, வயது அதிகம், எடை குறைவு என்ற தடைகளைத் தாண்டி அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்டில் 51 அடி நீளமுள்ள மார்க்-1 என்னும் கணிப்பொறியில் பணியாற்றினார்.

அக்காலத்தில் கணிப்பொறிக்கு ஆணைகளை எண்களாகவே எழுத வேண்டும். ஓர் எண் பிசகினாலும் விடை தவறும். உதிரிப் பூக்களைச் சரமாகத் தொடுப்பதுபோல, முன்பே எழுதிவைத்த ஆணைகளை இயந்திரமே எடுத்துக் கோத்துக்கொள்ள 1952இல் வழி செய்தார். அதுவே கம்பைலர். கணக்குப் போடும் இயந்திரத்துக்கு இது இயலாது என்று பலர் நம்ப மறுத்தனர்.

பின்னர் ஆங்கிலச் சொற்களால் ஆணையிடலாம் என்றார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூடச் செய்து காட்டினார். அமெரிக்க இயந்திரத்துக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும் என்று மேலதிகாரிகள் திகைத்தனர். இயந்திரத்துக்கு எல்லா மொழிகளும் வெறும் குறிகளே என்பதை அவர் அறிந்திருந்தார். அவருடைய உழைப்பை அடிப்படையாகக் கொண்டு உருவான கோபால் மொழி இன்றும் பல வங்கிகளில் பயன்படுகிறது.

இன்றைய கம்பைலர் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. திரும்பத் திரும்பச் செய்யும் கணக்குகளில் நான்கையோ எட்டையோ ஒரே வீச்சில் முடிக்கும்படி அமைக்கிறது. ஆனால் பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என நமக்கு இருப்பதுபோல, கணிப்பொறி நினைவகத்தின் ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். அந்த ஐயம் தீராவிட்டால், விடை தவறாதிருக்க ஒவ்வொன்றாகவே செய்கிறது. வேகத்தைவிட உண்மையே பெரிது!

அம்மையார் 1986இல் தம் 79ஆம் வயதில் கடற்படையின் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்று, 1992 ஜனவரி 1ஆம் நாள் மறைந்தார்.

தோழிகளே, பிரெஞ்சு மொழியில் சொன்னதைச் செய்த இயந்திரம் தமிழில் சொன்னாலும் செய்யும் அல்லவா? கடத்தூரில் தமிழில் படிக்கும் நாம் எதற்காக அஞ்ச வேண்டும்? தேர்வில் ஒருமுறை தவறினாலும் மறுமுறை முயல்வோம், வெல்வோம்!