தாடியஸ் ஸ்டீவன்ஸ் சரித்திரம்

பெருங்கட்சியிற் சேர்ந்து பெரும்பதவி யடைந்தோர் சரித்திரங்கள் எந்நாட்டிலும் பலவாம். ஆட்சிக்கு வருமென்று எவரும் எதிர்பாராத ஒரு சிறு கட்சியின் பேரால் மாகாணச் சட்டசபைக்கு அபேட்சகராய் நின்று, அச்சபையுட் புகுந்து, தமக்கு ஓட்டளித்த ஊராரே வெறுத்த ஒரு நற்காரியத்தை நிலைநிறுத்திய ஒருவருடைய சரித்திரத்தை இம்மாதம் நம் சங்க அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் சொல்ல விரும்புகின்றோம். அவர் அமெரிக்காவிற் பென்சில்வேனியா மாகாணத்தில் விளங்கிய தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்பவர். அடிமை ஒழிப்பிற்குப் போராடிய பெரியார் என்று உலகம் அவரை அறியும். அதற்கு முன்னரே அவர் செய்த கல்வித் தொண்டை அறிந்தோர் நம்மிற் சிலரே.

ஸ்டீவன்ஸ் 1792-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் தேதி வெர்மாண்ட் மாகாணத்து டான்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு பாதம் வளைந்திருந்தது. வாழ்நாள் முழுதும் நொண்டியே நடந்தார். தந்தையார் உழவும் செருப்புத் தைத்தலும் தொழிலாக உடையவர். நான்கு புதல்வர்களையும் மனைவியையும் வறுமையில் விட்டு நீங்கிவிட்டார். தாயார் சாரா அம்மையார் மனந் தளரவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டுமென்றே பள்ளிக்கூடம் உள்ள பீச்சம் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, உடல் வருந்த உழைத்து அவர்களை வளர்த்தார். கால் ஊனமுற்ற மகன் ஏர் பிடித்துப் பிழைத்தல் அரிது, கல்வியே அவனுக்குக் கைப்பொருள் என்பதை அத்தாய் உணர்ந்திருந்தாள். அவள் உழைப்பின் பயனாக ஸ்டீவன்ஸ் 1814-இல் டார்ட்மத் கல்லூரியிற் பட்டம் பெற்றார்.

பின்னர்ப் பென்சில்வேனியாவுக்கு வந்து யார்க் என்னும் ஊரில் உபாத்திமைத் தொழில் பார்த்துக்கொண்டே சட்டம் பயின்றார். 1816-இல் கெட்டிஸ்பர்க் நகரில் வக்கீலாக அமர்ந்து, சில ஆண்டுகளுக்குள் அந்த ஜில்லாவிற் பேர்பெற்றவரானார். இவ்விடத்தில் அவர் வாழ்விற் படிந்த ஒரு களங்கத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். 1821-இல் தனக்கும் தன் குழந்தைகளுக்கும் விடுதலை வேண்டி ஓர் அடிமைப்பெண் தொடுத்த வழக்கில், ஸ்டீவன்ஸ் எஜமானன் பக்கத்து வக்கீலாக நின்று வென்றார். அப்பெண்ணும் குழந்தைகளும் மீண்டும் அடிமைகளாயினர். பிற்காலத்தில் ஓடிவந்த அடிமைகளுக்காகக் கூலி பெறாமலே வழக்காடிய அவரது வாழ்வில் இவ்வழக்கு ஒரு வடுவாகவே நின்றது.

அக்காலத்து அமெரிக்க அரசியலில் ஆண்ட்ரூ ஜாக்ஸனைப் பின்பற்றிய ஜனநாயகக் கட்சியாரும் அவரை எதிர்த்தோருமாக இரண்டு பெரும் பிரிவினர் இருந்தனர். 1826-இல் நியூயார்க் மாகாணத்தில் வில்லியம் மார்கன் என்பவர் பிரீமேசன் சங்கத்தாரின் இரகசியங்களை வெளியிடப் போவதாக அறிவித்திருந்த காலத்தில் கடத்திச் செல்லப்பட்டு, பின்பு காணப்படாமலே போயினர். நீதிபதிகளும் அதிகாரிகளும் அச்சங்கத்திற் பலர் இருந்தமையின் குற்றம் மூடப்பட்டதென்று ஜனங்கள் கொதித்தெழுந்தனர். அக்கொதிப்பிற் பிறந்ததே பிரீமேசன் எதிர்ப்புக் கட்சி. அமெரிக்க நாட்டின் முதல் மூன்றாங்கட்சி அதுவே. 1832-இல் ஜனாதிபதி பதவிக்கு அக்கட்சியார் நிறுத்திய அபேட்சகர், மாகாணங்கள் அனைத்தினும் வெர்மாண்ட் ஒன்றிலேயே வென்றனர் என்றால், அதன் சிறுமை விளங்கும்.

மறைவாகக் கூடி ஒருவர்க்கொருவர் பதவி தேடிக்கொள்ளுதல் குடியாட்சிக்குப் பொருந்தாது என்பது ஸ்டீவன்ஸின் உறுதி. ஆதலின் அச்சிறு கட்சியிற் சேர்ந்து, ஊர்தோறும் பேசி, அதன் பேரால் 1833-இல் ஆடம்ஸ் ஜில்லாவிலிருந்து பென்சில்வேனியாச் சட்டசபையின் கீழ்ச்சபைக்கு நின்று வென்றார். நூறு அங்கத்தினர் கொண்ட அச்சபையில் அவர் கட்சியார் சிறுபான்மையினரே. பதவிக்காலமோ ஓராண்டு, ஆண்டுதோறும் ஓட்டர்களிடம் சென்று கைகூப்பி நிற்றல் வேண்டும். இதனை நம் அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படித்தல் நலம்.

1834-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ஆம் தேதி, கவர்னர் ஜார்ஜ் ஊல்ப் என்பவர் இலவசப் பள்ளிக்கூடச் சட்டத்தில் கையொப்பமிட்டார். செல்வர் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் வரிப்பணத்தால் நடக்கும் ஒரே பள்ளியிற் கூடிப் படிக்க வழி செய்வது அச்சட்டம். அதற்கு முன் இருந்த 1809-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏழைக்குப் படிப்பு உண்டு. எனினும் தாய்தந்தையர் தாம் ஏழைகள் என்று அதிகாரிமுன் ஒப்புக்கொண்டு, ஏழைகள் ஜாபிதாவிற் பேர் எழுதுவித்தல் வேண்டும். மானமுள்ள பெற்றோர் பலர் அந்த ஜாபிதாவிற் பேர் ஏறுவதினும் பிள்ளை படியாதிருத்தலே மேலென்று எண்ணி வீட்டில் வைத்துக்கொண்டனர். சட்டம் இருந்தும் எழுத்தறியாதார் பெருகினர்.

புதிய சட்டம் வந்தவுடன் எதிர்ப்பு மூண்டது. பிள்ளையில்லாதார், பிறர் பிள்ளைக்கு நாம் ஏன் வரி கொடுத்தல் வேண்டும் என்றனர். தங்கள் திருச்சபையின் பள்ளிகளும் ஜெர்மன் மொழியும் அழியுமென்று ஜெர்மானியக் குடியானவர் அஞ்சினர். சட்டத்தை ஒழிக்கும்படி வந்த மனுக்களில் ஏறக்குறைய 32,000 பேர் கையொப்பமிட்டிருந்தனர். சட்டத்தைக் காக்கும்படி கேட்டோர் கையொப்பங்கள் மூவாயிரத்தையும் எட்டவில்லை. மேற்சபையார் சட்டத்தை ஒழித்துப் பழைய ஏழைகள் சட்டத்தையே மீட்க முடிவு செய்து மசோதாவைக் கீழ்ச்சபைக்கு அனுப்பினர். கீழ்ச்சபையிலும் அவ்வாறே முடியுமென்று யாவரும் எண்ணியிருந்தனர். ஸ்டீவன்ஸை அனுப்பிய ஆடம்ஸ் ஜில்லாவிலும் பெரும்பாலோர் பள்ளி வரியை வெறுத்தனர்.

1835-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11-ஆம் தேதி ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். ஜாபிதாவிற் பேர் ஏற்றிக் கொடுக்கும் கல்வி, பிள்ளையின் நெற்றியில் வறுமை முத்திரை குத்துவதேயன்றி வேறில்லை என்று காட்டினார். குற்றமே செய்யாதவனும் சிறைச்சாலைக்கும் நியாயஸ்தலத்துக்கும் வரி கொடுக்கின்றான். அங்ஙனமாக, குற்றத்தைத் தோன்றுமுன்னே தடுக்கும் பள்ளிக்கு வரி கொடுத்தல் எங்ஙனம் அநியாயமாகும் என்று வினவினார். குடிகளே ஆள்வோரைத் தெரிந்தெடுக்கும் நாட்டிற் குடிகள் கல்லாதிருப்பின் ஆட்சியே கெடும் என்றார். பின்வரும் தேர்தலை எண்ணி நடுங்காது, பின்வரும் தலைமுறையை எண்ணி ஓட்டளிக்குமாறு சக அங்கத்தினரை வேண்டினார்.

இன்னொன்றும் சொல்லல் வேண்டும். அச்சட்டத்திற் கையொப்பமிட்ட கவர்னர் ஊல்ப் எதிர்க்கட்சியினர்; அதுவுமன்றிப் பிரீமேசன் சங்கத்தவர். எந்தச் சங்கத்தை ஒழிக்கவென்றே ஸ்டீவன்ஸ் கட்சி எழுந்ததோ, அதே சங்கத்தைச் சேர்ந்தவர். ஆயினும் பள்ளிக்கூட விஷயத்திற் கவர்னர் செய்தது நன்றே என்று ஸ்டீவன்ஸ் சபையறியப் பாராட்டினார். பகைவன் கையாற் செய்யப்பட்டதாயினும் நற்காரியம் நற்காரியமே என்று கொண்ட நெஞ்சம் அது. அன்று மசோதா தோற்றது. இலவசப் பள்ளிச்சட்டம் நிலைத்தது.

ஊரார் வெறுப்பாரென்று நண்பர் அஞ்சினும், 1835-ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே ஜில்லாவார் அவரை மீண்டும் அனுப்பினர். அவ்வாண்டில் ஜனநாயகக் கட்சியார் இரண்டாகப் பிளவுபட்டமையின், ஸ்டீவன்ஸ் கட்சியைச் சேர்ந்த ஜோசப் ரிட்னர் கவர்னராகவும் வந்துவிட்டார். பிரீமேசன்களை விசாரிக்க ஸ்டீவன்ஸ் ஒரு கமிட்டி கூட்டினார். அழைக்கப்பட்டோர் விடைகூற மறுத்தனர்; விசாரணை நகைப்புக்கிடமாகி முடிந்தது; 1836-இல் அவர் தோற்றார். மறு ஆண்டில் மீண்டும் வென்றார். 1838 டிசம்பரில் தேர்தல் தகராற்றாற் சபையே இரண்டாகப் பிரிந்து, பெருங்கூட்டம் உள்ளே புகுந்தபோது, அவர் ஜன்னல் வழியே இறங்கித் தப்பும்படியாயிற்று. சில ஆண்டுகளில் அக்கட்சி இருந்த இடந் தெரியாமல் மறைந்தது. ஒன்றன் மீதுள்ள பகை மட்டுமே அடித்தளமாகக் கட்டிய வீடு நெடுநாள் நில்லாது போலும். ஆனால் அக்கட்சியின் பேரால் உள்ளே சென்ற ஒருவர் காத்த பள்ளிகள் நின்றன.

1837-இல் கூடிய மாகாண அரசியலமைப்புச் சபையிலும் ஸ்டீவன்ஸ் அங்கத்தினராயிருந்தார். வெள்ளையர்க்கு மட்டுமே ஓட்டுரிமை என்று அச்சபையார் எழுதியமையின், அவ்வமைப்பிற் கையொப்பமிட மறுத்துவிட்டார். பின்பு லங்காஸ்டர் நகரிற் குடியேறி, அங்கிருந்து நாட்டின் காங்கிரஸ் சபைக்குச் சென்றார். உள்நாட்டு யுத்தகாலத்தில் வரவுசெலவுக் கமிட்டிக்குத் தலைவராயிருந்தார். 1863-இல் எதிரிப்படையினர் அவருடைய இரும்புத் தொழிற்சாலையை எரித்தழித்தும் கொள்கையிற் பின்வாங்கவில்லை. 1865-இல் அடிமைமுறையை ஒழித்த திருத்தமும், 1868-இல் நாட்டிற் பிறந்தார் அனைவர்க்கும் சமபாதுகாப்பு அளித்த திருத்தமும் நிறைவேற முன்னின்று உழைத்தார். விடுதலையடைந்தோர்க்கு நிலம் பகிர்ந்து கொடுக்க வேண்டுமென்று அவர் கூறியதை மட்டும் எவரும் கேட்டிலர்.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11-ஆம் தேதி அவர் காலமானார். சவ அடக்கத்திற்கு அவர் தேர்ந்துகொண்ட இடம் லங்காஸ்டரில் ஒரு சிறு மயானம். பெரிய மயானங்களிற் கறுப்பருக்கு இடம் இல்லாமையின், எல்லா நிறத்தாரையும் ஏற்ற அவ்விடத்தையே அவர் விரும்பினார். அவ்விருப்பத்தின் காரணத்தைக் கல்லறையிலும் பொறிக்கச் செய்தார். அநாதைப் பிள்ளைகளுக்கு நிற வேற்றுமையின்றி ஓர் இல்லம் அமைக்கவும் மரண சாசனத்திற் பொருள் ஒதுக்கினார். அதிலிருந்து தோன்றிய தொழிற்கல்லூரி இன்றும் அந்நகரில் அவர் பேரால் நடக்கின்றது.

அன்பர்களே, இச்சரித்திரத்தில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு. ஓட்டளிக்குங்கால் அபேட்சகர் கட்சி பெரிதோ சிறிதோ என்று மட்டும் பாராது, நம்முடைய கோபத்தையும் தாங்கி நின்று நம் பிள்ளைகளுக்கு நன்மை செய்வாரோ என்று பார்த்தல் வேண்டும். அன்றியும், நம் சமூகத்து ஏழை மாணவர்க்கு உபகாரச் சம்பளம் கொடுக்கும்போது, அவர்தம் வறுமையை மேடையில் விவரித்து, பேர் சொல்லி அழைத்து நிறுத்தும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அதை விட்டுவிடல் வேண்டும். பணம் பள்ளிக்கு நேரே செல்லட்டும். பிள்ளை தலை நிமிர்ந்து வகுப்பிற்குச் செல்லட்டும். ஏழைகள் ஜாபிதாவை எதிர்த்து ஸ்டீவன்ஸ் போராடியது அதற்காகவே.