தொப்பையின் மென்மைக்கும் ஒரு நம்பர் இருக்கு... அதில் இருப்பது இந்த டாக்டரின் பெயர்!

வயிற்றில் ஒரு பிடி சதையைக் கிள்ளிப் பாருங்க. தோலுக்கு அடியில் மெத்துனு மாட்டுதே, அந்தக் கொழுப்பு எவ்வளவு மென்மைனு கேட்டா என்ன சொல்வீங்க? பஞ்சு மாதிரி, ஜெல்லி மாதிரி? ஆராய்ச்சியாளர்கள் சின்ன முனையால் அதை அழுத்தி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு அமுங்குதுனு பார்த்து நம்பரா சொல்லிடுறாங்க. சில கிலோபாஸ்கல்தான். எஃகோடு ஒப்பிட்டா கோடி மடங்குக்கு மேல் மென்மை. அந்த நம்பருக்குப் பேர் யங் குணகம். பிளஸ் ஒன் இயற்பியல்ல கம்பியில் எடையைத் தொங்கவிட்டுப் படிச்சீங்களே, அதேதான்.

கம்பி, எஃகுனு சொன்னதும் யங்கை இன்ஜினீயர்னு நினைச்சிருப்பீங்க. தாமஸ் யங் ஒரு டாக்டர். 1773-ல் இங்கிலாந்தின் மில்வர்டனில் பத்துப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ரெண்டு வயசுலயே புத்தகம் படிச்சாராம். (நாமெல்லாம் அந்த வயசுல புத்தகத்தைக் கிழிச்சிருப்போம்.) உறவுக்காரத் தாத்தா ஒருத்தர் லண்டனில் வீடும் 10,000 பவுண்டும் எழுதிவெச்சுட்டுப் போக, அங்கேயே மருத்துவம் பார்க்க உட்கார்ந்தார்.

ஆனா, மனசு முழுக்க அளக்கிறதுலதான். பக்கத்தில், தூரத்தில் இருப்பதைக் கண் எப்படி மாத்தி மாத்திப் பார்க்குதுனு தெரிஞ்சுக்க, தன் கண்ணையே தண்ணீரில் வெச்சு சோதிச்சவர் அவர். உள்ளே இருக்கிற லென்ஸ்தான் வடிவம் மாறுதுனு 1801-ல் நிறுவினார். 1807-ல் வெளியான விரிவுரைத் தொகுப்பில்தான் அந்தக் குணகம் வருது. அவர் விளக்கம் ரொம்பக் குழப்பம். அதே பொருளால் ஆன ஒரு தூணின் எடையை வெச்சு வரையறுத்திருந்தார். இன்னிக்கு நாம படிக்கிற எளிய வடிவத்தை 1826-ல் பிரான்ஸின் நேவியர் கொடுத்தார்.

எனக்குப் பிடிச்சது 1808-ல் அவர் ஆற்றிய உரை. ரத்தக்குழாய் மீள்தன்மையுள்ள குழாய், நாடித்துடிப்பு அதில் ஓடும் அலை, குழாய் எவ்வளவு இறுக்கமோ அலை அவ்வளவு வேகம்னு கணக்குப் போட்டுக் காட்டினார்.

இவ்வளவு செஞ்சவருக்கு ஒரு பயம் இருந்தது. ஆராய்ச்சியில் மூழ்கினவர்னு தெரிஞ்சா நோயாளிகள் நம்ப மாட்டாங்களேன்னு! அதனாலேயே 1803-ல் பேராசிரியர் வேலையை விட்டார், பல கட்டுரைகளைப் பேரே போடாம எழுதினார். அப்படியும் கூட்டம் சேரலை. 1811-லிருந்து செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் டாக்டராக இருந்தார்.

இப்போ கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்குனு பார்க்கிற ஸ்கேன் இருக்கில்லையா? கருவி தோலை லேசா தட்டும். அலை கொழுப்பைத் தாண்டி கல்லீரலுக்குள் ஓடும். அதன் வேகத்திலிருந்து கிலோபாஸ்கல் நம்பர் வரும். யங் போட்ட கணக்கோட அதே லாஜிக். தோலடிக் கொழுப்பு தடிமனா இருக்கிறவங்களுக்குனு தனி புரோபே உண்டு.

கொழுப்பு மட்டும் ஒரே நம்பரில் அடங்காது. மெதுவா அழுத்தினா ஒரு மாதிரி, சட்டுனு அழுத்தினா வேற மாதிரி. ரொம்ப இழுத்தா இறுகிக்கும். சின்ன அசைவுக்குத்தான் யங் குணகம் சரிப்படும்.

1829 மே 10-ல், 55 வயசில் யங் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய பெருந்தமனி இறுகிப்போயிருந்தது தெரிஞ்சது.