குருதி காத்த மருத்துவர்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் 1904-ஆம் ஆண்டு சூன் திங்கள் 3-ஆம் நாள் சார்லஸ் ரிச்சர்டு டிரூ பிறந்தார். தந்தையார் மனைகளில் கம்பளம் விரிக்கும் தொழிலினர். அன்னையார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அவர்கள் கறுப்பினத்தைச் சார்ந்தவர்கள். அந்நாளில் அமெரிக்காவின் பல பகுதிகளில் அவ்வினத்தார்க்குப் பள்ளி வேறு, உணவு விடுதி வேறு, மருத்துவமனையும் வேறு. இளமையில் டிரூ ஓட்டத்திலும் பந்தாட்டத்திலும் பெரும்புகழ் பெற்றாரேயன்றிக் கல்வியில் முதல்வராகத் திகழ்ந்தாரல்லர். 1920-ஆம் ஆண்டில் அவருடைய தங்கை எல்சி நோய்வாய்ப்பட்டு இறந்தாள். அத்துயரம் அவர் உள்ளத்தை மருத்துவத்தின்பால் திருப்பிற்று.

ஆம்கர்ஸ்டுக் கல்லூரியில் 1926-இல் பட்டம் பெற்றார். மேலே பயிலக் கையில் பொருளில்லை. இரண்டாண்டுகள் பால்டிமோர் நகரிலுள்ள மார்கன் கல்லூரியில் உயிர்நூலும் விளையாட்டும் பயிற்றுவித்துப் பணம் சேர்த்தார். பின்னர்க் கனடா நாட்டிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1933-இல் 137 மாணவருள் இரண்டாமவராகத் தேறினார். ஆங்கே பியாட்டி என்னும் ஆசிரியர் குருதியேற்றும் முறையில் அவருக்கு ஆர்வம் ஊட்டினார்.

குருதியேற்றம் அன்று எளிய செயலன்று. மாந்தர் குருதி பல வகைப்படும் என்பதை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்திருந்தார். வகை பொருந்தாக் குருதியை ஏற்றினால் உயிருக்கே ஊறு நேரும். வகை பொருந்தினும் வேறோர் இடர் இருந்தது. உடலினின்று எடுத்த குருதி சிறு பொழுதில் உறைந்துவிடும். சிட்ரேட்டு என்னும் உப்பைச் சேர்த்தால் உறையாது. குளிரில் வைத்தால் சில நாள் கெடாது. இம்முறையில் குருதியைச் சேமித்து வைக்கும் நிலையத்திற்குச் சிக்காகோ மருத்துவர் பாண்டஸ் என்பார் 1937-இல் குருதி வங்கி எனப் பெயரிட்டார். டிரூவே குருதி வங்கியை முதன்முதல் கண்டவர் எனச் சிலர் கூறுவர்; அது பொருந்தாது. அவர் செய்த பணி வேறு; அது சிறிதுமன்று.

வாஷிங்டனிலுள்ள ஓவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த டிரூ, மேற்பயிற்சி பெற 1938-இல் நியூயார்க்குக்குச் சென்றார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனையில் ஸ்கடர் என்னும் ஆராய்ச்சியாளருடன் அமர்த்தப்பட்டார். சேமித்த குருதி நாளுக்கு நாள் எவ்வாறு மாறுகிறது? சிவப்பணுக்களினின்று எவ்வெப்பொருள்கள் கசிகின்றன? எவ்வளவு குளிர் வேண்டும்? இவற்றையெல்லாம் இருவரும் பொறுமையுடன் ஆராய்ந்தனர். 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே ஒரு குருதி வங்கி தொடங்கப்பெற்றது. அதனைப் பொறுப்பேற்று நடத்திய டிரூ, கண்டவற்றையெல்லாம் தொகுத்துப் பெரியதோர் ஆய்வுநூலாக எழுதி, 1940-இல் மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். கொலம்பியாவில் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

குருதியினின்று அணுக்களைப் பிரித்தெடுத்தால் எஞ்சுவது பிளாஸ்மா என்னும் இளமஞ்சள் நிற நீர். முழுக் குருதியைக் காட்டிலும் இது நெடுநாள் கெடாதிருக்கும். குருதியிழந்து சோர்ந்தவரை அந்நேரத்திற்குக் காக்க இது பெரிதும் உதவும். 1940-இல் செருமானிய வானூர்திகள் இங்கிலாந்தின்மீது குண்டு மாரி பொழிந்தன. காயமுற்றோர்க்குப் பிளாஸ்மா அனுப்ப நியூயார்க்கு மருத்துவமனைகள் முன்வந்தன. ஆயினும் ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குத் தோன்றிய முறையைக் கையாண்டது. சில புட்டிகளில் நோய்க்கிருமிகள் புகுந்தன. இதனைச் சீர்செய்ய டிரூ அழைக்கப்பெற்றார். எல்லா இடத்திலும் ஒரே முறை, பயிற்சி பெற்ற பணியாளர், அனுப்புமுன் ஒவ்வொன்றுக்கும் கிருமிச் சோதனை என அவர் விதித்தார். 1941 சனவரி முடிவதற்குள் 14,500-க்கு மேற்பட்டோர் குருதி வழங்கினர். 5,000 லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்மாக் கரைசல் கடல் கடந்து சென்றது.

அடுத்து அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், பிளாஸ்மாவை உலர்த்தித் தூளாக்கும் முன்னோடித் திட்டத்தை அவர்பால் ஒப்படைத்தது. சில திங்களில் அதனை நிலைபெறச் செய்து, 1941 ஏப்பிரலில் அவர் ஓவர்டுக்கு மீண்டார். அவ்வாண்டின் இறுதியில், படைவீரர்க்கான குருதியைக் கறுப்பினத்தவரிடமிருந்து ஏற்பதில்லை எனச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவித்தது. அம்முறையை வகுத்தவரே அதற்குக் குருதி வழங்க இயலாது! எதிர்ப்பு எழுந்தபின் 1942 சனவரியில் ஏற்க இசைந்தனர். ஆயின் புட்டியின்மேல் இனக்குறி ஒட்டித் தனியே வைத்தனர். குருதியில் வகையுண்டு, அவ்வகைகள் எல்லா இனத்தாரிடமும் காணப்படுவன. இனத்தால் குருதியைப் பிரிப்பதற்கு அறிவியலில் இடமேயில்லை என டிரூ வெளிப்படையாகக் கண்டித்தார்.

எனினும், கண்டனத்தோடு அவர் நில்லாமல், தகுதியுடைய அறுவை மருத்துவர்களை ஆக்கிக் காட்டுவதே தக்க விடையெனத் துணிந்தார். கறுப்பின இளைஞர்க்கு மருத்துவப் பட்டத்திற்குப்பின் சிறப்புப் பயிற்சி தரும் மருத்துவமனைகள் மிகச் சிலவே. ஓவர்டின் அறுவை மருத்துவத் துறைக்குத் தலைவராகிய டிரூ, நோயாளியின் படுக்கையருகிலும் அறுவை அறையிலும் தம் மாணவரை ஆண்டுக்கணக்கில் கடுமையாகப் பழக்கினார். நாடு தழுவிய அறுவை மருத்துவத் தேர்வுக்கு 1948-இல் அவருடைய மாணவர் சென்றனர், தேறியும் வந்தனர். ஆயினும் வாஷிங்டன் மருத்துவச் சங்கம் ஆசிரியராகிய அவரையே உறுப்பினராக ஏற்கவில்லை.

1950-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள், அலபாமா மாநிலத்தில் நடைபெறவிருந்த மருத்துவ முகாமுக்கு அவர் மூன்று மருத்துவருடன் காரில் சென்றார். காலையில் வண்டியோட்டும்போது கண்ணயர்ந்தார். வட கரோலினாவில் வண்டி கவிழ்ந்தது. வெள்ளையர் மருத்துவமனை அவருக்குக் குருதியேற்ற மறுத்ததால் இறந்தார் என்றொரு கதை நாடெங்கும் பரவிற்று. அது மெய்யன்று. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் தம்மாலியன்றவாறு முயன்றனர் என்பதை உடன்சென்ற மருத்துவரே சான்று கூறினர். காயத்தின் கொடுமையால் உயிர் நிற்கவில்லை. அப்போது அவருக்கு அகவை 45. அவ்வாண்டிலேயே செஞ்சிலுவைச் சங்கம் குருதிப் புட்டிகளில் இனக்குறி ஒட்டுவதைக் கைவிட்டது.