மரைக்கு முறை வகுத்தவர்

பதுளைக்குச் சில மைல் அப்பால், மலைச்சரிவிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்திலே என் இளமை கழிந்தது. என் தந்தையார் அத்தோட்டத்து ஸ்டோரில் பிட்டராக இருந்தவர். ஓரிரவு, கொழுந்து அரைக்கும் ரோலரின் அரையங்குல போல்ட்டு ஒன்று முறிந்துவிட்டது. டவுனிலிருந்து வாங்கிய புதிய போல்ட்டும் அரையங்குலமே. ஆயினும் இரண்டு சுற்றுச் சென்று இறுகி நின்றது. ரோதைமுனிக்குச் சூடம் ஏற்றியும் அது அசையவில்லை. வாட்டும் தட்டுகளிலோ, பெண்கள் மழையில் நனைந்து பறித்த கொழுந்து காத்துக் கிடந்தது. விடியுமுன் ரோலர் ஓடாவிடின் ஒருநாள் உழைப்பும் பாழாம். தந்தையார் தமது பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, துருவேறிய ஆணிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது தடையின்றி உள்ளே ஏறியது. அது விட்வர்த் என்று மட்டும் கூறினார். அவருக்கு அஃது ஓர் அளவின் பெயர். அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பின்னாளில் நூல்களிலேதான் அறிந்தேன்.

ஜோசப் விட்வர்த் 1803-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில், பள்ளியாசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் தொழில் பயின்று, 1833-இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். அக்காலத்தில் பட்டறைக்கு ஒரு மரை. ஓரிடத்து நட்டு மற்றோரிடத்து போல்ட்டில் ஏறாது. விட்வர்த் பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி அளந்து, அவற்றின் சராசரியைக் கண்டார். மரையின் கோணம் 55 பாகை. ஒவ்வொரு பருமனுக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை. அரையங்குல ஆணிக்கு 12. இம்முறையை அவர் 1841-இல் அறிஞர் கழகத்தின்முன் வைத்தார். நிலைமொழியும் வருமொழியும் பொதுவிதியாற் புணர்வதுபோல, அதன்பின் ஊர் வேறாயினும் நட்டும் போல்ட்டும் புணர்ந்தன. பிரிட்டிஷ் யந்திரங்களோடு அம்மரை ஊவா மலைகளுக்கும் ஏறியது.

பொதுமை கண்ட அவரே துப்பாக்கியில் தனிவழி சென்றார் என்பது வியப்பு. 1854-இல், படைத்துப்பாக்கி செய்யும் யந்திரங்களின் பொருட்டு அரசு அவரை நாடியது. அவரோ குழலையே ஆராயப் புகுந்து, முறுக்கிய அறுகோணத் துளையும் அதற்கிசைந்த அறுகோணக் குண்டும் படைத்தார். 1857-இல் நடந்த சோதனையில் அது என்பீல்டுத் துப்பாக்கியைக் குறியில் வென்றது. எனினும் துளை சிறிது, கரி விரைவிற் படியும், விலையும் மிகுதி என்று படை அதனை ஏற்கவில்லை. சிறந்தது வேறு, எல்லோர் கைக்கும் பொருந்துவது வேறு. இத்தொல்லை இன்றும் ஒழியவில்லை. அமெரிக்காவில் பல கம்பெனிகள் செய்யும் பெரிய உடலமைப்புள்ள அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்குப் பொது அளவு அமையாமையால், ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாமற் போவதுண்டு.

மரையிலும் பிளவு வந்தது. அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகைக் கோணத்தை வகுத்தார். அம்முறையில் அரையங்குல ஆணிக்கு 13 மரை. அந்த ஒரு மரையின் வேற்றுமையே எங்கள் ரோலரை நிறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டுத் தளவாடங்களும் ஒன்றுக்கொன்று உதவாமல் இடர்ப்பட்ட பின்னரே, 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் பொதுமரைக்கு உடன்பட்டன.

விட்வர்த் 1868-இல் இளந்தொழிலாளர் கற்கப் புலமைப்பரிசில் நிறுவினார், 1887-இல் மறைந்தார். என் தந்தையாரும் இன்றில்லை. அவருடைய பிஸ்கட் டின் என்னிடம் இருக்கிறது. பழைய யந்திரம் திருத்துவோர் எவரேனும் தேடி வந்தால், அதைத் திறந்து, பொருந்தும் ஆணியை எடுத்துக் கொடுக்கிறேன்.